வெள்ளையடித்தல்

வெள்ளையடித்தல் என்பது, நீற்றிய சுண்ணாம்பை நீரில் கரைத்துப் பெறப்படும் பால் போன்ற கலவையைச் சுவர், கூரை, மதில் முதலிய பரப்புகளின் மீது பூசி அவற்றைத் தூய்மையாக்கும், புதுப்பிக்கும் முறை ஆகும். ஒரு வீட்டின் தோற்றத்தை மிகக் குறைந்த செலவில் மாற்றுவதற்கு மனிதர் கையாண்டு வந்த மிகப் பழைய வழிகளுள் இதுவும் ஒன்று. இதே கலவையில் நிறப்பொடி சேர்த்துப் பூசுவது வண்ணச் சுண்ணாம்புப் பூச்சு எனப்படுகிறது.

வெள்ளையடித்த பூச்சு நெடுங்காலம் நிலைப்பதில்லை. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திரும்பப் பூச வேண்டும். ஆயினும் இது ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும் தன்மையுடையது. எனவே மண், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் கட்டப்பட்ட பழைய சுவர்களுக்கு இது அழகூட்டும் பூச்சாக மட்டுமன்றிக் காப்புப் பூச்சாகவும் அமைகிறது. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது இந்தத் தன்மையைக் கவனியாமல் வேறு பூச்சுகளுக்கு மாறுவது சுவருக்கே கேடு விளைவிக்கக்கூடும்.

பெயர்

வெள்ளை என்பது இங்கு நிறத்தையும், அந்நிறத்தைத் தரும் சுண்ணாம்புக் கலவையையும் ஒருசேரக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் "சுண்ணாம்பு அடித்தல்", "வெள்ளை பூசுதல்" என்றும் கூறுவர். சுட்ட சுண்ணாம்புடன் நீர் சேர்ப்பது நீற்றுதல் எனவும், அவ்வாறு கிடைப்பது நீற்றிய சுண்ணாம்பு எனவும் அழைக்கப்படும். சுண்ணாம்பு சுடும் சூளைக்குக் காளவாய் என்று பெயர். சுண்ணாம்பால் ஆன காரையைக் குறிக்கும் சுதை என்னும் சொல் பழந்தமிழ் இலக்கியங்களிலேயே காணப்படுகிறது.

வரலாறு

சுவருக்கு வெண்பூச்சு இடும் வழக்கம் உழவுத்தொழில் தொடங்கிய காலத்தை ஒட்டியது. துருக்கியிலுள்ள சாத்தல் ஹோயூக் என்னும் புதிய கற்கால ஊரின் வீடுகளில், உட்சுவர்கள் வெண்ணிறக் களிமண் குழம்பால் மீண்டும் மீண்டும் மெழுகப்பட்டிருந்தன. அகழாய்வில் சில சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய படலங்கள் எண்ணப்பட்டுள்ளன. அங்குப் பயன்பட்டது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்பு அன்று. எனினும் வீட்டைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை வெண்மையாக்கிப் புதுப்பிக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை இது காட்டுகிறது.

தமிழில், பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனைச் சுவர்களுக்குச் சுதை பூசப்பட்டிருந்ததைக் குறிப்பிடுகிறது.

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தின்போது, தேவாலயச் சுவர்களில் இருந்த ஓவியங்களை மறைக்கச் சுண்ணாம்புப் பூச்சு பயன்படுத்தப்பட்டது. ஸ்ட்ராட்போர்டு நகரின் கில்டு சிற்றாலயத்தில் 1563-64இல் இவ்வாறு ஓவியங்கள் மறைக்கப்பட்டன. அப்பணிக்கான செலவை நகரக் கணக்கில் பதிந்தவர் நாடக ஆசிரியர் வில்லியம் சேக்சுபியரின் தந்தையான ஜான் சேக்சுபியர் ஆவார். மறைக்கப்பட்ட ஓவியங்கள் 1804இல் மீண்டும் வெளிப்பட்டன. அழிக்க முனைந்த பூச்சே அவற்றுக்கு ஓரளவு காப்பாகவும் அமைந்துவிட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் மாளிகையான வெள்ளை மாளிகையின் மணற்கல் சுவர்களுக்கு 1798இல் முதன்முதலாகச் சுண்ணாம்பு கலந்த வெண்பூச்சு இடப்பட்டது. குளிர்காலத்தில் கல்லின் நுண்துளைகளில் நீர் புகுந்து உறைந்து வெடிப்பு ஏற்படாமல் காப்பதே இதன் நோக்கம்.

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டில் சிமெண்டுப் பூச்சும், அதன் பின் டிஸ்டெம்பர், எமல்சன் முதலிய ஆலைத் தயாரிப்பு வண்ணங்களும் பரவியதால் வெள்ளையடித்தல் படிப்படியாகக் குறைந்தது.

வேதியியல் அடிப்படை

வெள்ளையடித்தல் ஒரு வட்டச் சுழற்சியாக நிகழும் வேதிவினைகளை அடிப்படையாகக் கொண்டது. இச்சுழற்சி மூன்று கட்டங்களை உடையது.

1. சுடுதல்: சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படும்போது, அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டு சிதைந்து கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ வளிமமாக வெளியேறும்.

2. நீற்றுதல்: 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ நீருடன் வினைபுரிந்து 74 கிலோ கால்சியம் ஐதராக்சைடாக மாறுகிறது. இவ்வினையில் மிகுந்த வெப்பம் வெளிப்படுவதால் நீர் கொதிக்கும்.

3. இறுகுதல்: சுவரில் பூசப்பட்ட கால்சியம் ஐதராக்சைடு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. நீர் ஆவியாகி வெளியேறுகிறது.

அதாவது, காளவாயில் கல்லாக இருந்தது சுவரில் மீண்டும் மெல்லிய கற்படலமாகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு ஏறத்தாழ 0.04 விழுக்காடே என்பதால் மூன்றாம் கட்டம் மெதுவாகவே நடைபெறும். மேலும் இவ்வினைக்குச் சிறிதளவு ஈரம் தேவை. கடும் வெயிலில் பூச்சு சட்டென்று உலர்ந்துவிட்டால் வினை முற்றுப்பெறாது. அத்தகைய பூச்சு கையில் ஒட்டும் மாவாகவே நின்றுவிடும். வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெண்மை ஒட்டுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

சுண்ணாம்பு மூலங்கள்

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளப்பாறை ஆகியன சுண்ணாம்பு பெறப்படும் முக்கிய மூலங்களாகும். தமிழ்நாட்டின் கடலோரப் பகுதிகளில் கிளிஞ்சலைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு வெண்மை மிக்கது எனப் பெயர் பெற்றது. கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரம் (ஐ.எசு. 712) சுண்ணாம்பைப் பல வகுப்புகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் கலப்பு குறைந்த கொழுஞ்சுண்ணாம்பு எனப்படும் "சி" வகுப்பே வெள்ளையடிப்பதற்கு ஏற்றது. களிமண் கலந்த கல்லிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பு நீரிலும் இறுகும் தன்மை பெற்றிருப்பதால் கட்டுமானச் சாந்துக்குப் பயன்படும். ஆனால் அது தூய வெண்மை தராது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுடும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. இதனால் கரையரிப்பு மிகுந்தமையால் சட்டத்தின் மூலம் பவளம் அகழ்வது தடை செய்யப்பட்டது. எனினும் சட்டத்துக்குப் புறம்பாக அகழ்வு தொடர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரையில் ஆய்வு செய்த அறிவியலாளர்கள், பவளப்பாறைகள் அகற்றப்பட்டிருந்த பெரலிய போன்ற இடங்களில் அலை மிக உயர்ந்தும் உட்புகுந்தும் தாக்கியதாகவும், பாறைகள் எஞ்சியிருந்த அண்மைப் பகுதியான இக்கடுவையில் சேதம் குறைவாக இருந்ததாகவும் 2005இல் தெரிவித்தனர். வீட்டுச் சுவருக்கான வெண்மை எங்கிருந்து பெறப்படுகிறது என்பதும் கருத்திற்கொள்ள வேண்டியது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கலவை தயாரித்தல்

வெள்ளையடித்தலுக்கும் வண்ணச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இந்தியாவில் தனித் தர நெறிமுறை (ஐ.எசு. 6278, 1971) உள்ளது. இந்திய மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளில் கூறப்படும் பொதுவான முறை வருமாறு:

* ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் என்ற அளவில் சேர்த்து நீற்றி, மெல்லிய குழம்பாகக் கலக்குதல்.
* இக்குழம்பை 24 மணிநேரம் வைத்திருந்து, பின்பு துணியில் வடிகட்டிக் கல், கசடு ஆகியவற்றை நீக்குதல்.
* ஒவ்வொரு 10 லிட்டர் குழம்புக்கும் வெந்நீரில் கரைத்த 40 கிராம் பிசின் சேர்த்தல்.
* ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மிகாமல் நீலம் கரைத்துச் சேர்த்தல்.
* இறுதியாக, ஒரு கிலோ சுண்ணாம்புக்கு மேலும் 5 லிட்டர் நீர் சேர்த்துப் பால் போலாக்குதல்.

பிசின் சேர்ப்பது பூச்சு சுவரைப் பற்றிக்கொள்வதற்காகும். பிசினுக்கு மாற்றாக அரிசிக் கஞ்சி, வச்சிரம், கொழுப்பு நீக்கிய பால் முதலியனவும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் சுண்ணாம்புடன் சேர்ந்து நீரில் எளிதில் கரையாத பசையாகிறது. சிலர் உப்புச் சேர்ப்பர். உப்பு ஈரத்தை ஈர்த்து வைப்பதால் இறுகுதலுக்கு உதவும். ஆனால் ஏற்கெனவே ஓதம் உள்ள சுவரில் அதுவே ஈரத்தையும் உப்புப் பூத்தலையும் மிகுவிக்கும் என்பதால் அத்தகைய இடங்களில் தவிர்க்கப்பட வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பை நீர் மூடிய நிலையில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் அது மேலும் நுண்மையாகிக் குழைவாகும். நன்கு நீறாத துணுக்குகள் கலவையில் எஞ்சியிருந்தால், சுவரில் பூசிய பின் அவை ஈரம் ஏற்று விரிந்து சிறு கொப்புளங்களாக வெடித்து விழும்.

சுவரை ஆயத்தப்படுத்தல்

வெள்ளையடித்தலின் தரம் பெரும்பாலும் பூசுவதற்கு முன் செய்யப்படும் வேலையைப் பொறுத்தது. ஆணிகளை அகற்றுதல், உரிந்த பழைய பூச்சைச் சுரண்டுதல், புகைக்கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுதல், விரிசல்களையும் துளைகளையும் சாந்தால் அடைத்தல் ஆகியன முதற்படிகள். ஆண்டுதோறும் சுரண்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிவந்த சுவரில் படலம் தடித்துத் தன் எடையாலேயே பெயரும். தூண்களிலும் விதானத்திலும் உள்ள வேலைப்பாடுகள் மழுங்குவதற்கும் இதுவே காரணம்.

பூசுவதற்குச் சற்று முன் சுவரில் நீர் தெளிக்க வேண்டும். உலர்ந்த சுவர் கலவையின் நீரை உடனே உறிஞ்சிக்கொண்டால் சுண்ணாம்பு பற்றாது. எமல்சன், எண்ணெய் வண்ணம் போன்றவை பூசப்பட்ட சுவரில் நீர் உட்புகாது. ஆகவே அவற்றின் மீது வெள்ளையடித்தால் நிற்காது. அவற்றை முற்றாக நீக்கிய பின்னரே சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்ப முடியும்.

பூசும் முறை

கலவையைப் பூசுவதற்கு மரபாகப் பயன்படும் கருவி மட்டை எனப்படுகிறது. தாழை விழுது போன்ற நார்மிக்க பொருளின் நுனியை நசுக்கி இது செய்யப்படும். வட இந்தியாவில் முஞ்சிப் புல்லால் கட்டிய தூரிகை பயன்படுகிறது.

முதலில் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும், அது உலரும் முன் வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் இழுத்துப் பூசினால் ஒரு கை ஆகும். ஒரு கை உலர்ந்த பின்பே அடுத்த கை பூசப்பட வேண்டும். புதிய சுவருக்கு மூன்று கையும், பழைய சுவருக்கு ஒன்று அல்லது இரண்டு கையும் போதுமானது. கலவை அடியில் படிந்துவிடும் என்பதால் அடிக்கடி கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புப் பூச்சு ஒளி ஊடுருவும் தன்மையுடன் காணப்படும். உலர்ந்து இறுகும்போதுதான் வெண்மை தோன்றும். இதனை அறியாதோர், "நிறம் ஏறவில்லை" என எண்ணிக் கலவையைக் கெட்டியாக்கிப் பூசுவதுண்டு. அவ்வாறு பூசப்பட்ட தடித்த படலம் விரைவில் வெடித்து உரியும். நீர்த்த கலவையைப் பல கையாகப் பூசுவதே சரியான முறை.

நிறம் சேர்த்தல்

சுண்ணாம்பு வலிய காரத்தன்மை உடையது (நீர்க்கரைசலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 12.4). எனவே காரத்தைத் தாங்கும் நிறப்பொடிகளே இதில் நிலைக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த மண் நிறங்களான காவி, மஞ்சட்காவி, பழுப்பு ஆகியனவும், அல்ட்ராமெரின் நீலமும் இத்தகையன. பெரும்பாலான தாவரச் சாயங்கள் வெளிறிவிடும்.

மிகச் சிறிதளவு நீலம் சேர்ப்பது சுவரை நீலமாக்குவதற்கு அன்று. சுண்ணாம்பில் இயல்பாக உள்ள மஞ்சட்சாயலை நீலம் ஈடுசெய்வதால் சுவர் மேலும் வெண்மையாகத் தோன்றும். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதும் இதே காரணத்தால்தான். இராசத்தானின் சோத்பூர் நகர வீடுகளில் நீலம் மிகுதியாகச் சேர்த்துப் பூசப்படுவதால் அந்நகரின் பழைய பகுதி நீல நிறமாகக் காட்சியளிக்கிறது.

உள்ளகத் தோற்றத்தில் பங்கு

புதிதாக வெள்ளையடித்த சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். சிறிய சன்னல்களைக் கொண்ட வீடுகளில், சுவரும் விதானமும் வெண்மையாக இருந்தால் வெளிச்சம் மீண்டும் மீண்டும் எதிரொளித்து அறையின் உட்பகுதி வரை செல்லும். அறை விரிந்தது போன்ற தோற்றமும் கிடைக்கும். கிரேக்கத்தின் சைக்கிளேட்சு தீவுகளிலும் எசுப்பானியாவின் அந்தலூசியா ஊர்களிலும் வெளிச்சுவர்களும் வெண்மையாக உள்ளன. அங்குக் குறுகிய தெருக்களுக்குள் ஒளி பரவவும், கோடை வெப்பம் குறையவும் இது உதவுகிறது.

வீட்டின் தோற்றத்தை இம்முறையில் மாற்றும்போது பொதுவாகக் கையாளப்படும் ஏற்பாடுகள் சில:

* விதானத்தைத் தூய வெள்ளையாகவும் சுவர்களைச் சற்று நிறம் கலந்தும் பூசுதல். இதனால் விதானம் உயர்ந்து தோன்றும்.
* கை, கால் படும் சுவரின் அடிப்பகுதிக்குக் காவி போன்ற அடர்நிறப் பட்டை இடுதல். அழுக்கு எளிதில் தெரியாது. அப்பகுதியை மட்டும் தனியே புதுப்பிக்கவும் இயலும்.
* சன்னலுக்கு எதிர்ச்சுவரை வெண்மையாக விடுதல். பகலில் ஒளியை அதிகம் திருப்பித் தருவது அச்சுவரே.
* மரக்கதவு, தூண், உத்தரம் ஆகியவற்றைப் பூசாமல் இயல்பாக விடுதல். வெண்ணிறப் பின்புலத்தில் மரத்தின் நிறம் எடுப்பாகத் தெரியும்.

சுண்ணாம்புப் பூச்சு பளபளப்பு அற்றது. எனவே சுவரின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணை உறுத்துவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் காணப்படும் கண்ணாடி போன்ற சுவர்கள் இதனின்று வேறானவை. அவை சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன சேர்ந்த காரையைப் பல படலங்களாகப் பூசித் தேய்த்து மெருகேற்றப்பட்டவை.

பிற பூச்சுகளுடன் ஒப்பீடு

* சுண்ணாம்புப் பூச்சு: விலை குறைவு, ஈரத்தை வெளியே விடும், பூஞ்சை வளர்ச்சியைத் தொடக்கத்தில் தடுக்கும். ஆனால் கையில் ஒட்டும், கழுவ முடியாது, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.
* டிஸ்டெம்பர்: சுண்ணத்தூள், நிறப்பொடி, பசை ஆகியன கலந்தது. உட்சுவருக்கு மட்டுமே ஏற்றது. ஈரம் பட்டால் உரியும்.
* சிமெண்டு வண்ணப்பூச்சு: வெள்ளைச் சிமெண்டை அடிப்படையாகக் கொண்டது. வெளிச்சுவருக்கு ஏற்றது. பூசிய பின் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும்.
* எமல்சன்: செயற்கைப் பிசின் துகள்கள் நீரில் கலந்த வண்ணம். துடைக்கவும் கழுவவும் முடியும், பல ஆண்டுகள் நிலைக்கும். விலை அதிகம். பல வகைகள் ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும்.

பழைய சுவர்களும் ஈரமும்

பழைய வீடுகள் பலவற்றில் அடித்தளத்திலிருந்து ஈரம் மேலேறுவதைத் தடுக்கும் ஓதத்தடுப்புப் படலம் இல்லை. நிலத்திலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலேறிச் சுவரின் கீழ்ப்பகுதியை அடைகிறது. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள சுவரில் இந்நீர் பரப்பின் வழியே ஆவியாகிவிடும். நீரோடு வந்த உப்புகள் பூச்சில் தங்கும். அடுத்த முறை சுரண்டும்போது அவையும் நீங்கும். இவ்வாறு பூச்சு தன்னை இழந்து சுவரைக் காக்கிறது.

இத்தகைய சுவரைப் "புதுப்பிப்பதற்காக" அடர்ந்த சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் எமல்சனும் இட்டால், ஆவியாகும் வழி அடைபடுகிறது. ஈரம் நிற்பதில்லை, இடம் மாறுகிறது. பூச்சு இடப்பட்ட உயரத்திற்கும் மேலே ஏறியோ, பூசப்படாத மறுபக்கத்திலோ அது வெளிப்படும். உப்புகள் பூச்சுக்கு அடியில் படிகமாகி விரிவடைவதால் வண்ணம் கொப்புளித்து, சிமெண்டுப் பூச்சு பலகையாகப் பெயரும். பெயரும்போது மென்மையான பழைய செங்கல்லின் முகத்தையும் உடன் பிய்த்துக்கொண்டு வரும். உத்தரங்களின் முனைகள் ஈரச் சுவருக்குள் புதைந்திருந்தால் மரமும் உளுத்துப்போகும்.

எனவே பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பின்வரும் வரிசை பின்பற்றப்பட வேண்டும்: முதலில் கூரை ஒழுக்கு, மழைநீர்க் குழாய், சுவரோர நீர்த்தேக்கம் ஆகியவற்றைச் சரிசெய்தல், பின்பு சுவர் உலர விடுதல், பின்பு பழைய சாந்தின் தன்மைக்கு ஒத்த சாந்தால் பழுதுபார்த்தல், இறுதியாகவே பூச்சைத் தெரிவு செய்தல். ஈரத்தை மறைக்கும் நோக்கில் எந்தப் பூச்சைப் பூசினாலும், வெள்ளையடித்தல் உட்பட, அது தீர்வாகாது. சிமெண்டால் கட்டப்பட்டு ஓதத்தடுப்பும் உள்ள புதிய வீடுகளுக்கு இச்சிக்கல் பொதுவாக இல்லை. அவற்றுக்கு எமல்சன் ஏற்றதே.

பழைய கோயில்களிலும் மாளிகைகளிலும் நிலைமை வேறானது. அங்கு ஓவியங்கள் மீதும் கல்வெட்டுகள் மீதும் பல்லாண்டுகளாக வெள்ளையடிக்கப்பட்டதால் அவை மறைந்துபோனதுண்டு. அத்தகைய சுவர்களைச் சுரண்டுவதும் பூசுவதும் வல்லுநர் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும்.

நலவாழ்வும் சட்டமும்

சுண்ணாம்பின் காரத்தன்மை பல நுண்ணுயிரிகளை அழிக்க வல்லது. எனவே மாட்டுத்தொழுவம், கோழிக்கூடு, கழிப்பிடம் ஆகியவற்றிற்கு வெள்ளையடிக்கப்பட்டு வந்தது. 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக்கு நோயின்போது, நோய்த்தடுப்பு நடவடிக்கைகளுள் ஒன்றாக வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. பிளேக்கு, எலிகளின் மீதுள்ள தெள்ளுப்பூச்சிகளால் பரவுவது என்பது பின்னரே உறுதியானது. ஆகையால் அந்நோயைப் பொறுத்தவரை இதன் பயன் குறைவே. பூச்சு இறுகிக் கால்சியம் கார்பனேட்டாக மாறியபின் காரத்தன்மை பெரிதும் தணிந்துவிடும். எனவே கிருமியழிக்கும் ஆற்றல் நிலையானதன்று.

இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வண்ணமோ மெருகெண்ணெயோ பூசப்படாத உட்சுவர்களுக்கு 14 மாதங்களுக்கு ஒருமுறையேனும் வெள்ளையோ வண்ணச் சுண்ணாம்போ அடிக்கப்பட வேண்டும் என விதித்தது. எண்ணெய் வண்ணம் பூசிய சுவர்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு போதும் என்றது.

வெப்பக் குறைப்பு

மொட்டைமாடியில் வெள்ளையடித்தால் வெயில் திருப்பி அனுப்பப்பட்டுக் கீழேயுள்ள அறையில் வெப்பம் குறையும். 2013இல் வெப்ப அலைச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாது நகரம், 2017இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் முயற்சியைத் தொடங்கியது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. கூரையில் தூசியும் பாசியும் படிந்தால் பயன் குறைவதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் புதுப்பிப்பது நல்லது.

பாதுகாப்பு

* சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்து பார்வை இழப்பு ஏற்படலாம். விதானம் பூசும்போது துளிகள் நேரே கண்ணில் விழ வாய்ப்பு உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது இன்றியமையாதது. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், உடனே தூய நீரால் குறைந்தது 20 நிமிடங்கள் இடைவிடாது கழுவி, துகள்களை அகற்றி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
* சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது நீர் கொதித்துத் தெறிக்கும். அகன்ற இரும்புப் பாத்திரத்திலோ தொட்டியிலோ செய்ய வேண்டும். மூடிய கலத்திலோ நெகிழி வாளியிலோ செய்யக்கூடாது. குழந்தைகளை அருகில் விடலாகாது.
* கைகளுக்கு உறை அணிதல் வேண்டும். தோலில் பட்டு நீண்டநேரம் இருந்தால் புண்ணாகும்.
* வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய கதவு, சன்னல்களில் உள்ள எண்ணெய் வண்ணத்தை உலர்நிலையில் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. பழைய வண்ணங்களில் ஈயம் மிகுந்திருக்கலாம். அத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்த்து, தூசை ஈரத்துணியால் திரட்டி அகற்ற வேண்டும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன.

பண்பாட்டில்

தமிழகத்திலும் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளிலும் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மரபு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நனைந்து பாசி படிந்த சுவர்கள், மார்கழி இறுதியில் உலரத் தொடங்குகின்றன. வெயிலும் கடுமையாக இராது. சுண்ணாம்பு மெல்ல உலர்ந்து இறுகுவதற்கு இப்பருவம் ஏற்றது. வீட்டைத் தூய்மை செய்து பழையன கழிக்கும் போகியும், வெள்ளையடித்தலும் ஒரே காலத்தில் அமைவதற்கு இவ்வேளாண் நாட்காட்டியும் தட்பவெப்பமும் துணைபுரிகின்றன. கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் மாறி மாறிப் பட்டைகளாகப் பூசப்படுவதும் சுண்ணாம்புப் பூச்சே.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1876இல் வெளியிட்ட டாம் சாயரின் சாகசங்கள் என்னும் புதினத்தில், வேலிக்கு வெள்ளையடிக்கும் தண்டனை பெற்ற சிறுவன் அதனை ஒரு விளையாட்டாகக் காட்டி நண்பர்களைச் செய்யவைக்கும் காட்சி புகழ்பெற்றது. விவிலியத்தில் மத்தேயு நற்செய்தி, புறத்தூய்மை மட்டும் உடையோருக்கு வெள்ளையடித்த கல்லறையை உவமையாகக் கூறுகிறது. குறைகளைப் பூசி மறைப்பதை "வெள்ளையடித்தல்" என அரசியல் எழுத்துகளில் குறிப்பிடுவதும் உண்டு.

இவற்றையும் பார்க்க

* சுண்ணாம்பு
* கால்சியம் ஐதராக்சைடு
* காரை
* ஓதத்தடுப்பு
* உள்ளக வடிவமைப்பு
* போகிப் பண்டிகை